பேச்சில் நின்ற பாலம்

ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடிப் பின் ஒன்றாகக் கூடும் இடத்தில், இரு கிளைகளுக்கும் நடுவே, மணலும் கோரையும் சேர்ந்து கெட்டிப்பட்ட மேட்டின்மேல் கோரைத்திட்டு என்னும் ஊர் இருந்தது. அவ்வூருக்கு வாக்குச்சாவடி இருந்தது, குடும்ப அட்டைகள் இருந்தன, முல்லைக்கொல்லைகள் இருந்தன, கரைக்கு நடந்துபோகும் வழிமட்டும் இல்லாதிருந்தது. சட்டமன்றக் கூட்டத்தொடர் ஒவ்வொன்றும் முடிந்தபின், தொகுதியின் உறுப்பினர் செம்பியன் ஆற்றங்கரைத் திடலில் மேடை போடச் சொல்லி, அவையில் தாம் என்ன பேசினார், இனி எந்தெந்தப் பணிகளுக்கு முன்னுரிமை தரப்போகிறார் என்பதை மக்களுக்கு எடுத்துரைப்பது வழக்கம். அவ்வாறு எடுத்துரைத்த ஒரு மாலையில், கோரைத்திட்டுப் பாலமே தம் முதல் பணி என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், ஆற்றின்மேல் பாலம் வந்து நின்றது.

நல்ல பாலம். தூண்கள் நீரில் அசையாமல் ஊன்றியிருந்தன; கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் மாறிமாறிப் பூசியிருந்தது; முகப்பில், செம்பியனின் பெயரை அடைமொழி ஒன்றும் குறையாமல் பொறித்த கல்வெட்டு, பூச்சரம் சுற்றப்பட்டு நின்றது. மேடை ஆற்றுக்கு முதுகு காட்டி அமைந்திருந்தமையால் பேசியவர் அதைக் காணவில்லை. கேட்டவர்கள் கண்டனர், கண்டு, பக்கத்திலிருந்தவரிடம் வெற்றிலை வாங்கி மென்றுகொண்டு, மேலே என்ன சொல்கிறார் என்று கவனித்தனர். கரையில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு ஒன்று, நேற்றும் அவ்வழியே போய்வந்ததைப்போல, வைக்கோல் ஒன்றை வாயில் தொங்கவிட்டபடி பாலத்தின்மேல் ஏறிப் பாதித் தொலைவு சென்றது. அந்நேரம் உறுப்பினர் தம் பேச்சைப் புதிய பேருந்து நிலையத்துக்குத் திருப்பினார். பாலம் போயிற்று, பாலத்தோடு ஆடும் போயிற்று, நீரில் எதுவும் விழுந்த ஓசை எழவில்லை.

ஆடு தையல்நாயகியுடையது. அவள் கோரைத்திட்டின் ஊராட்சி வார்டு உறுப்பினர். அவள் கணவன் கலியமூர்த்தி அவ்வூரின் ஒரே படகோட்டி. கூட்டம் கலைந்தபின், பாலம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் வினவவில்லை. ஆட்டுக்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றித்தான் நெடுநேரம் வழக்காடினர். அடுத்த கூட்டத்தொடர் முடிந்து உறுப்பினர் மறுபடியும் வந்து பேசியபோது பாலமும் வந்தது, ஆடும் வந்தது. அதே வைக்கோலைத்தான் இன்னும் மென்றுகொண்டிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் அதன் குட்டி வளர்ந்து தானும் சினைப்பட்டிருந்தது. தாயை ஒருமுறை முகர்ந்து பார்த்து, அயலாடு என்று முட்டித் தள்ளிற்று. அன்றே ஊருக்கு விளங்கிவிட்டது: பாலத்தோடு போனவை அழிவதில்லை, பேச்சு மறுபடி வரும்வரை பசியும் மூப்பும் இன்றி எங்கோ நிற்கின்றன, அவற்றை விட்டு மற்றவைதாம் மூப்படைகின்றன.

ஊர் பழகிக்கொண்டது. மேடையிலிருப்போரை ஒவ்வொருவராக 'அவர்களே' என்று விளித்து முடிக்கும்வரை பாலம் வாராது என்பதையும், முந்தைய ஆட்சியை ஏசும்போது தூண்கள்மட்டும் எழும், கால்வைக்க இடமிராது என்பதையும், புள்ளிவிவரங்களை அடுக்கும்போது மாட்டுவண்டிகள் ஒதுங்கிப்போகும் அளவுக்குப் பாலம் அகலும் என்பதையும், குட்டிக்கதை சொன்னால் சற்றே ஆடும் என்பதையும் கோரைத்திட்டார் கேட்டுக்கேட்டே கற்றனர். படகில் ஏற்ற முடியாத யாவும் பேச்சின்மேல் ஏறி வந்தன. செங்கல் வந்தது, இரும்புப் பீரோ வந்தது, நீரிறைக்கும் மோட்டார் வந்தது, கறவை மாடுகள் மணியடித்துக்கொண்டு வந்தன. சட்டமன்றம் எப்போது கூடும், எப்போது ஒத்திவைக்கப்படும் என்பதைப் பார்த்தே பெண்ணைப் பெற்றவர்கள் முகூர்த்த நாள் குறித்தனர். கட்டிலும் மெத்தையும் வரவேண்டுமல்லவா. பாலத்தின் நடுவே அகப்பட்டுக்கொண்டவரை, பேருந்தைத் தவறவிட்டவரைச் சொல்வதைப்போலவே, பேச்சில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தனர். வளையல் விற்கும் காதர்பாய் ஒரு கூட்டத்தொடர் முழுவதும் அப்படி மாட்டியிருந்து வெளியே வந்தபோது, தாடி ஒரு மயிரிழையும் வளராதிருந்தது. ஆனால் பெட்டியிலிருந்த வளையல்கள் பழைய மோஸ்தராகிவிட்டன என்று அவர் உறுப்பினரிடமே முறையிட்டார். உறுப்பினர் சிரித்து அவர் தோளில் தட்டினார். தம் பேச்சுக்கு வலிமை உண்டு என்பது செம்பியனுக்குப் புதிய செய்தியன்று. பாலத்தைப் பார்க்கத் திரும்பினால் பேச்சை நிறுத்த நேருமாதலால், அவர் ஒருமுறையும் அதைப் பார்த்தாரில்லை, பார்க்கவில்லையே என்று வருந்தியதாகவும் தெரியவில்லை.

அந்தப் பாலத்துக்கு வெள்ளத்தால் கேடில்லை. கேடு வந்ததெல்லாம் பொன்னாடையால்தான். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே இன்னொருவர் மேடையேறி அவர் தோளில் பொன்னாடை போர்த்துவதும், பேசுபவர் சொல்லை அந்தரத்தில் விட்டுத் தலைதாழ்த்தி அதை ஏற்பதும், இருவரும் படம் பிடிப்பவரை நோக்கிச் சிரிப்பதும் நம் பொதுக்கூட்டங்களில் யாரும் தடுக்கமுடியாத மரியாதை. அந்த மரியாதை நிகழும் ஒவ்வொரு தடவையும் பாலம் போயிற்று. கைதட்டலும் அப்படியே, தட்டினால் அவர் நிறுத்தி மகிழ்வார், நிறுத்தினால் பாலம் போகும். ஆகவே திட்டு மக்கள் தம் உறுப்பினரின் உரையை, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, மூச்சடக்கிக் கேட்டனர். இத்துணை அடக்கமான மக்களை வேறெந்தத் தொகுதியிலும் கண்டதில்லை என்று செம்பியன் அவையிலேயே பேசியதாக நாளேடு எழுதிற்று. பொன்னாடைகளையெல்லாம் மேடைப்படியில் அமரும் தையல்நாயகியிடம் கொடுத்துவிட வேண்டும், நன்றியுரை முடிந்த பின்னரே போர்த்த வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் தீர்மானித்தனர். அவள் மடியில் பொன்னாடைகள் குவிந்தன. அவளைத் தாண்டி எவரும் படியேறவில்லை. எதையும் முறைப்படி செய்பவள் என்று பெயரெடுத்தவள், வந்தவன் சொந்தத் தம்பியே ஆயினும் முழங்காலை நீட்டி வழியை மறித்தாள்.

அந்தப் படிகள் கலியமூர்த்தியின் படகுப் பலகைகள். பாலம் வரத்தொடங்கியபின் படகில் பூக்கூடை ஏற்றியவர்கள் குறைந்தனர். பிறகு, அடுத்த கூட்டம்வரை காத்திருப்போம் என்று நோயாளிகளும் காத்திருக்கக் கற்றனர். தார் பூசாமல் மணலில் கவிழ்ந்துகிடந்த படகு வெயிலில் வாய்பிளந்தது. மேடைக்குப் படி வேண்டும், உறுப்பினருக்கு முழங்கால் வலி என்று வந்து கேட்டவர்களிடம், அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்த் தானே பலகைகளைப் பெயர்த்துக் கொடுத்தான். ஆனால் பாலத்தின்மேல் அவன் கால் வைக்கவில்லை. நீர் வற்றிய மாதங்களில் இடுப்பளவில் நடந்தும், நீர் வந்தபோது நீந்தியும் கரைக்குப் போய்வந்தான்; கேட்டவர்களிடம், தண்ணீரின் குணம் தனக்குத் தெரியும், அந்த மனிதரின் தொண்டை எப்போது வறளும் என்பது தனக்குத் தெரியாது என்றான்.

தையல்நாயகி வேறு காரணத்தால் அந்தப் பாலத்தை வெறுத்தாள். அவர்களுடைய மகளைப் பாம்பு தீண்டிய மழைக்காலத்தில், அவள் குழந்தையை மடியில் வைத்திருக்க, கலியமூர்த்தி துடுப்பு வலித்தான். கரை சேர்ந்தபோது மடியில் எடைமட்டும் இருந்தது. அன்று தொட்டு அவள் கேட்டுவந்தது ஒன்றே: சிமெண்டாலும் கம்பியாலும் ஆன, ஒருவர் வாய்க்கும் கட்டுப்படாத, மழையிலும் நிற்கின்ற பாலம். நன்றியுரை சொல்ல ஒலிபெருக்கி தன் கைக்கு வரும்போதெல்லாம், உறுப்பினர் அடுத்த கூட்டத்தொடரிலாவது நிதி ஒதுக்கச்செய்து மெய்யான பாலம் கட்டித்தர வேண்டும் என்று பணிவோடு சொல்லி அமர்வாள். ஊரார் அதற்காகவே அவளை வைதனர். இருப்பதையும் கெடுத்துவிடாதே, அவர் மனம் கோணினால் அடுத்த தடவை முழுநேரமும் பேருந்து நிலையத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விடுவார் என்றனர். பொறியாளர்கள் அளவெடுக்க வந்து, அவ்விடத்தில் அவ்வப்போது போக்குவரத்து நடைபெறுவதால் புதிய கட்டுமானம் உடனடித் தேவையன்று என்று குறிப்பெழுதிச் சென்றபோது, வருந்தியவள் அவள் ஒருத்தியே.

கலியமூர்த்தியின் கண்களில் புரை விழுந்தது. முதலில் எதிர்க்கரை மங்கிற்று, பிறகு எதிரே நிற்பவர் முகம் மங்கிற்று, பிறகு நீர்மட்டம் எது மணல் எது என்று காலால் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. நகரத்து மருத்துவமனையார் நடத்தும் கண் சிகிச்சை முகாமில் அவன் பெயரைத் தையல்நாயகி பதிந்தாள். முகாமின் வேன் வரும் நாளும் உறுப்பினர் பேசும் நாளும் ஒன்றாக அமைந்தன. அது ஆடி மாதம்; புதுவெள்ளம் செந்நிறமாகச் சுழித்து ஓடிற்று; நீந்த முடியாது, படகு படியாகிவிட்டது. அவன் மனைவியிடம் சொன்னான்:

"அவரு பேச்ச நம்பி நான் கால் வைக்கல, தையலு. நீ படியில நிக்கிறன்னு வர்றேன்."

"நிக்கிறேங்க. எவனையும் ஏற விடமாட்டேன். மெதுவாவே வாங்க."

கூட்டம் தொடங்கியது. விளித்தல் முடிந்து, பழைய ஆட்சியை ஏசுதல் முடிந்து, செம்பியன் பாலத்துக்கு வந்தார், பாலம் வந்தது. திட்டுக்கரையில் காத்திருந்தவர்கள் கூடைகளோடும் கன்றுகளோடும் விரைந்து கடந்தனர். கலியமூர்த்தி எல்லாரையும் முன்னே விட்டுக் கடைசியாக ஏறினான். பயணிகளை இறக்கிய பின்னரே தான் இறங்குவது அவன் தொழிலின் பழக்கம். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரை வலக்கையால் தடவியபடி, ஒவ்வோர் அடியையும் முதலில் சோதித்துப் பின்பு ஊன்றி வந்தான். நடுவை நெருங்கியபோது நின்று, கரையிருக்கும் திசையை நோக்கிக் குரல் கொடுத்தான்.

"படியில நிக்கிறியா?"

"நிக்கிறேன், வாங்க" என்றாள் தையல்நாயகி.

அப்போதுதான் ஒன்றியச் செயலாளர் குணசீலன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தான். ஒரு கையில் கைபேசி, மறு கையில் சரிகை அகலமான பொன்னாடை, முகமெல்லாம் வியர்வை. படியில் அவள் முழங்காலைக் கண்டதும் கும்பிட்டான்.

"அக்கா, விடுங்கக்கா. இப்பத்தான் தலைநகரத்துலேர்ந்து செய்தி வந்துச்சு. அண்ணன் அமைச்சராயிட்டாரு. மொதப் பொன்னாடை நான் போடலேன்னா என் பொழப்பே போச்சு."

"பாலத்துல ஆள் இருக்குது தம்பி. நன்றியுரைக்கு அப்புறம்."

"அமைச்சரானவருக்கு நன்றியுரைக்கு அப்புறமா? நல்லா இருக்கே. யோசிச்சுப் பாருங்க, இனிமே உங்க பாலத்துக்கு அவரு யார்கிட்டக் கேக்கணும்? அவரே கையெழுத்துப் போடுவாரே."

அவள் யோசித்தாள். அந்த யோசனைக்கு எடுத்துக்கொண்ட நேரம் மிகச் சிறியது. பின்னாளில் அவள் அதைத் திரும்பத்திரும்ப நீட்டிப் பார்த்திருக்கிறாள், அப்போதும் அது நீளவில்லை. அமைச்சர் என்றால் மெய்யான பாலம். மெய்யான பாலம் என்றால், மழையில் எந்தத் தாயும் மடியில் எடையை ஏந்திக்கொண்டு கரை சேர வேண்டியதில்லை. அவரைத் தொடக்கத்திலேயே பகைத்துக்கொள்வானேன். கணவன் மாட்டினாலும் அடுத்த கூட்டத்தொடர் வரையில்தானே. அங்கே பசியில்லை, மூப்பில்லை, புரையும் முற்றாது. காதர்பாய் வரவில்லையா, ஆடு வரவில்லையா. அவள் முழங்காலை மடக்கினாள்.

குணசீலன் மேலேறி ஒலிபெருக்கியில் செய்தியைச் சொன்னான். அடக்கத்துக்குப் பெயர்போன கோரைத்திட்டு மக்கள், தம் வாக்கால் வென்றவர் அமைச்சரான பெருமையில், தொடைக்கடியிலிருந்து கைகளை உருவி ஆற்றுநீர் அதிரத் தட்டினர். செம்பியன் தலைதாழ்த்தினார். சரிகை அவர் தோளில் மின்னிற்று. தையல்நாயகி திரும்பிப் பார்த்தபோது செந்நிற வெள்ளம்மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண் முகாமின் வேன் கொஞ்சநேரம் ஒலியெழுப்பிவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று. தன் உள்ளங்கைகள் சிவந்திருப்பதை அவள் வீட்டுக்குப் போன பிறகே கண்டாள்.

அடுத்த கூட்டத்தொடர் முடிந்தது, அமைச்சர் வரவில்லை. அதற்கடுத்த தடவை வந்தார், நகரத்து மண்டபத்தில் பேசினார், தம் துறையின் முன்னுரிமைகளை வரிசையாக எடுத்துரைத்தார். அவருக்குக் கிடைத்த துறைக்கும் ஆற்றுக்கும் தொடர்பில்லை. தையல்நாயகி முதல் வரிசையில் கை உயர்த்தியபடி அமர்ந்திருந்தாள். வார்டு உறுப்பினர் வாழ்த்துத் தெரிவிக்கிறார் என்று எண்ணி அவரும் கை உயர்த்தினார். கோரைத்திட்டில் இப்போது பாலமும் இல்லை, படகும் இல்லை. ஆற்றின் கீழ்ப்புறத்துத் துறையிலிருந்து வாடகைப் படகை வரவழைத்துப் பூக்களை அனுப்பினர், அவை சந்தைக்குப் போய்ச்சேருமுன் பாதி வாடின. கலியமூர்த்தியின் சட்டைகளை அவள் துவைத்து மடித்து வைத்தாள். குங்குமம் வைத்தாள், வைத்துக்கொள்ளலாமா என்று எவரும் கேட்கவில்லை, கேட்க வாயெடுத்தவர்களும் அவள் முகத்தைப் பார்த்து வேறு பேசினர். ஒருநாள் தலைவாரும்போது சீப்பில் வெள்ளைமயிர் வந்தது. அவன் மயிர் அங்கே கறுத்தபடியே நிற்கும் என்று நினைத்தாள்.

பிறகு அவள் அமைச்சரின் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினாள். காலையில் மனுக்காரர்களின் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது கைகூப்பிக் கேட்டாள்.

"ஐயா, நீங்க எங்க கரைக்கு வந்து பாலத்தப் பத்திப் பேசணும். வேற ஒண்ணும் வேணாம். கொஞ்ச நேரம் பேசினாப் போதும்."

செம்பியனுக்கு அன்று மனம் நெகிழ்ந்திருந்தது. வந்த வழியை மறக்காதவர் என்று யாரோ அப்போதுதான் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தார்.

"பேசறதென்னம்மா பெரிசு" என்றார். "செஞ்சே காட்டறேன்."

அவள் மேலும் சொல்ல வாய் திறப்பதற்குள் வரிசை அவளைத் தள்ளிற்று. மறுமுறை போனாள், அவர் அதையே சொன்னார், முன்னிலும் உருக்கமாகச் சொன்னார். மூன்றாந்தடவை போனபோது, கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, கவலை வேண்டாம் என்று உதவியாளரே வாசலில் சொல்லி அனுப்பிவிட்டார். மக்கள் பிரதிநிதியாக இருந்த காலமெல்லாம் சொன்னதில் ஒன்றையும் செய்திராத மனிதர், அவளுடைய இடைவிடாத நடையால் மனம் கரைந்து, முதன்முறையாக ஒன்றை மெய்யாகவே செய்து முடித்தார்.

அதைச் சொல்லவே அவர் ஆற்றங்கரைத் திடலுக்கு மறுபடியும் வந்தார். மேடை போட்டனர், பழைய படிகளைத் தூசி தட்டி வைத்தனர், தையல்நாயகி தன் இடத்தில் அமர்ந்தாள், மடியில் பொன்னாடைகள் குவிந்தன. திட்டுக்கரையில் ஊரார் மூட்டைகளோடும் பூக்கூடைகளோடும் முன்போலவே நின்றனர். விளித்தல் முடிந்தது. ஏசுதலும் முடிந்தது. அமைச்சர் குரலை உயர்த்தி, கோரைத்திட்டுப் பாலத்துக்கு ஆணை பிறப்பிக்கப்பட்டுவிட்டது, நிதி ஒதுக்கப்பட்டுவிட்டது, வரும் தை மாதம் கால்கோள் என்று அறிவித்தார்.

ஆறு வெறுமனே ஓடிற்று. பாலம் என்னும் சொல் அந்தத் திடலில் ஒலித்து, தூண் ஒன்றுகூட எழாமற்போனது அதுவே முதல் தடவை. திட்டுக்கரையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, மெல்ல மூட்டைகளைக் கீழே இறக்கினர். தையல்நாயகிக்கு விளங்கிற்று. செய்யப்போவதாகச் சொன்னது வரைதான் அந்தப் பாலத்துக்கு உயிர். செய்யப்பட்டுவிட்டால் இனி அதை ஒருவரும் சொல்லார். இன்னும் சில வாக்கியங்களில் அமைச்சர் அடுத்த பணிக்குப் போய்விடுவார், அதன்பின் எந்த மேடையிலும் எவர் வாயிலும் கோரைத்திட்டுப் பாலம் வாக்குறுதியாக வாராது; கட்டிய பாலத்தின்மேல் பேருந்து போகும், முல்லைப்பூ வாடாமல் போகும், பிரசவத்துக்குப் பெண்களும் பாம்புகடித்த பிள்ளைகளும் போவார்கள், கலியமூர்த்தி மட்டும் எதன்மேலும் வரமாட்டான்.

எவரையும் ஏறவிடாதவள் அன்று தானே ஏறினாள். மடியிலிருந்த பொன்னாடைகளில் மேலே கிடந்த ஒன்றை உருவி, கணவனின் படகுப் பலகைகளை மிதித்து மேடைக்குச் சென்று, பேசிக்கொண்டிருந்தவரின் தோளில் அதைப் போர்த்தினாள். அமைச்சர் சொல்லை நிறுத்தித் தலைதாழ்த்தினார். தாழ்ந்த அந்தத் தலையின் காதருகே அவள் சொன்னாள்:

"இன்னும் வரலேன்னு சொல்லுங்கய்யா. வரும்னு சொல்லுங்க."

செம்பியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் வேலை கேட்டவர்கள் உண்டு, மாறுதல் கேட்டவர்கள் உண்டு, அவரால் இயலாததையெல்லாம் கேட்டவர்கள் உண்டு. அவருக்கு மிகவும் கைவந்த ஒன்றை அவரிடம் வந்து கேட்டவர் அதுவரை ஒருவருமில்லை. காரணத்தை அவர் கேட்கவில்லை. படம் பிடிப்பவரை நோக்கிச் சிரித்துவிட்டு ஒலிபெருக்கிக்குத் திரும்பினார். ஆணை பிறந்தது உண்மைதான், எனினும் சில இடையூறுகள் முளைத்திருக்கின்றன, அவற்றை எவர் ஏவினார் என்பதை இந்த மேடையில் சொல்ல விரும்பவில்லை, எது எப்படியாயினும் கோரைத்திட்டுப் பாலமே தம் முதல் பணி என்று, பழைய குரலில், பழைய ஏற்ற இறக்கத்தோடு சொன்னார்.

பாலம் வந்தது. நடுவே, துணிப்பையைத் தோளில் மாட்டி, வலக்கையைச் சுவரில் வைத்து, கலியமூர்த்தி நின்றான்; கடைசியாக எடுத்து வைத்த அடியின் ஈரம்கூடக் காயாதிருந்தது. அவன் காதுக்கு அவள் 'வாங்க' என்றது இப்போதுதான் எட்டியது போலும். அடுத்த அடியைச் சோதித்து வைத்தான். அதற்குள் திட்டுக்கரையினர் இறக்கிய மூட்டைகளை மறுபடியும் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டனர். காத்திருந்த மாதங்களின் சுமையெல்லாம் சேர்ந்து ஓடிவந்தது. மூட்டைகளும் கன்றுகளும் கூடைகளும் தன்னைக் கடக்கும்வரை அவன் சுவரோரமாக ஒதுங்கி நின்றான். பயணிகளை முன்னே விடுவது அவன் பழக்கம். அமைச்சருக்கு இன்னொரு கூட்டம் இருந்தது, பேச்சை முடித்துக்கொண்டார். அவன் சில அடிகளே நடந்திருந்தான்.

சொன்ன இடையூறுகள் பின்னர் மெய்யாகவே வந்தன. அமைச்சர் வாயில் இருந்தவை கோப்பில் ஏறின, கோப்பு வந்த வழியே திரும்பிற்று. கையெட்டும் தொலைவுக்கு வந்த பாலத்தை எவனோ கெடுத்துவிட்டான் என்று கோரைத்திட்டார் மண்ணள்ளித் தூற்றினர், அவன் குடி விளங்காது என்றனர். தையல்நாயகியும் அவர்களோடு நின்று தலையாட்டினாள். அவ்வாண்டு ஐப்பசி வெள்ளத்தில், அண்டைவீட்டுத் தனபாக்கியத்தின் பேத்திக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்து, கீழ்த்துறையிலிருந்து வாடகைப் படகு வருவதற்குள் எல்லாம் முடிந்தது. அந்த வீட்டுக்குப் போய்த் தையல்நாயகி தனபாக்கியத்தின் கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்தாள். மற்றப் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது அவளுக்கு அழுகை வரவில்லை. உனக்குத் தெரியும்டி, பெத்ததப் பறிகொடுத்தவ நீ என்று தனபாக்கியம் அவள் தோளில் சாய்ந்தாள். அவள் சாய விட்டாள்.

தேர்தல் வந்தது. செம்பியன் மறுபடியும் நின்றார். அவரை எதிர்த்து நின்றவர் பாலத்தைப் பற்றிப் பேசவேயில்லை, கரையைப் பலப்படுத்துவதே தம் முன்னுரிமை என்றார். தையல்நாயகி துண்டறிக்கைகளோடு, நரைத்த தலையில் முக்காடிட்டு, வீடுவீடாக ஏறி இறங்கினாள். இத்தனை ஆண்டுகளாக அந்த மனிதர் இவ்வூருக்கு என்ன செய்தார் என்று, முதல் வாக்கைக் கையில் வைத்திருந்த தனபாக்கியத்தின் மகள்வழிப் பேரன் மருது கசப்போடு கேட்டான். தங்கையைப் பறிகொடுத்தவன் அவன். அவள் வாசலிலேயே நின்று, குரல் உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒண்ணும் செய்யல, தம்பி. இனியும் செய்யமாட்டாரு. வேற யாரு வந்தாலும் பேச்சு மாறிப்போயிடும். உங்க மாமா நடு ஆத்துல நிக்கிறாரு."

அவன் துண்டறிக்கையை வாங்கிக்கொண்டான். ஊரும் அவ்வாறே வாங்கிக்கொண்டது. ஊருக்கும் பீரோக்கள் வரவேண்டியிருந்தன. செம்பியன் முன்னிலும் கூடுதலான வாக்குகளில் வென்று, நன்றி தெரிவிக்கத் திடலுக்கு வந்து, புதிய சட்டமன்றத்தில் தம் முன்னுரிமைகள் யாவை என்பதை எடுத்துரைத்தார். முதல் பணியைச் சொன்னபோது பாலம் வந்தது. கலியமூர்த்தி, கறுத்த மயிரும் புதுத் துணிப்பையுமாக, கரையின் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தான். எதிரே ஓடிவந்த கூட்டத்துக்கு வழிவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவி நின்று, முகம் தெரியாத கரையை நோக்கிக் கேட்டான்.

"படியில நிக்கிறியா?"

தையல்நாயகி பற்கள் உதிரத் தொடங்கிவிட்ட வாயை ஒருமுறை மூடித் திறந்து, குரல் இளமையாகக் கேட்கவேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நிக்கிறேங்க. மெதுவாவே வாங்க."